வேன் சாவியை எடுத்துக்கொண்டு நடக்கப் போனேன்

தனியாக நடந்தால் மனசு லேசாகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆகும். ஆறு வருஷமாக நடக்கிறேன், எனக்கு ஆகியிருக்கிறது, அதில் பொய் இல்லை. ஆனால் அப்படி மனசு லேசான ஒரு சாயங்காலம், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் வாசலில், உடம்பு வெந்த ஒரு பெண் முக்கால் மணி நேரம் என் வேனுக்காகக் காத்துக் கிடந்தாள். வேன் அவளுக்கு இருபதடி தூரத்தில்தான் நின்றது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் காட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். இதை விட்டுவிட்டு நடையின் அருமை பெருமையை எழுதினால் என்னைவிடப் பெரிய எத்தன் கிடையாது.

நான் வேன் டிரைவர். காலையில் மூன்று ஊர்களில் ஆள் ஏற்றி எட்டு மணிக்குள் கம்பெனி வாசலில் இறக்குவேன். சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்ப ஏற்றுவேன். நடுவில் எனக்கு வேலை கிடையாது. ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு காலத்தில் இதே கரிசலில் களையெடுத்தும் பருத்தி எடுத்தும் பிழைத்த வீடுகள்தான். மழை ஏமாற்றி ஏமாற்றி, இப்போது எல்லாரும் மருந்துக்கும் திரிக்கும் வந்துவிட்டார்கள். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். ரூமுக்குள் கூடிப் பேசினால் போர்மேன் வைவார். அதனால் பகலெல்லாம் அடக்கி வைத்த பேச்சு முழுவதையும் என் வேனுக்குள்தான் கொட்டுவார்கள்.

அதில் ஒருத்தி எனக்கு நேர் பின்னால் உட்காருவாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வானத்தில் போய்ப் பூவாக விரிகிற வெடிகளுக்குள் சின்னச் சின்ன மருந்து உருண்டைகள் வைப்பார்கள், மணிமருந்து என்போம். அதை வெயிலில் காயப்போட்டு அள்ளி ரூமுக்குள் கொண்டுபோகிற வேலை அவளுக்கு. ஏறினதிலிருந்து இறங்குகிறவரை வாய் மூடாது. மாமியார் கதை, ரேஷன் கடைக் கதை, பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்ட கதை. என்னையும் விட மாட்டாள். "அண்ணாச்சி, இன்னைக்கு மூஞ்சி உம்முன்னு இருக்கே, மதினி கஞ்சி ஊத்தாம அனுப்பிட்டாகளா?" என்பாள். வண்டி முழுக்கச் சிரிக்கும். எனக்கு அவளைப் பிடிக்காது. இப்போது அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிடலாம்தான். ஆனால் அப்போது பிடிக்கவில்லை, அதை மாற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

நடை தொடங்கியது பிரஷருக்காக. டாக்டர் மாத்திரையும் எழுதி, தினம் ஒரு மணி நேரம் நடங்கள் என்றும் சொன்னார். முதல் மாதம் கசப்பு மருந்து குடிக்கிற மாதிரி நடந்தேன். பிறகு பழகிவிட்டது. பிறகு அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. கம்பெனி வேலிக்கு மேற்கே ஓர் ஓடை. ஓடையைப் பிடித்தே போனால் கண்மாய். கண்மாய் என்பது பேருக்குத்தான், உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். அதையும் தாண்டினால் மக்காச்சோளக் காடு, தரிசு, நாலைந்து பனை. அங்கே பார்த்து ரசிக்க என்ன இருக்கிறது என்று என் வீட்டுக்காரியே கேட்டிருக்கிறாள். ஒன்றும் இல்லாததுதான் எனக்கு வேண்டியிருந்தது. என்னை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிடாத ஒரு மணி நேரம்.

முதல் பத்து நிமிஷம் காதுக்குள் வேன் பேச்சே ஓடும். கண்மாய்க் கரை ஏறும்போது அது அடங்கும். ஆடி, ஆவணியில் மேல்காற்று முகத்தில் அடிக்கும். ஆவாரம்பூ வாசம் வரும். கௌதாரி ஒன்று காலுக்கடியிலிருந்து புர்ரென்று கிளம்பி நெஞ்சைப் பதற வைத்துவிட்டுப் போகும். அப்புறம் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமே இல்லாததை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வயிற்றில் பசியில்லாமல், மனசில் கோபமில்லாமல், யார் மேலும் எதுவும் இல்லாமல் கால் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பாடமும் கற்றுக்கொண்டேன். ஒரு கார்த்திகை மழைக்குப் பிறகு கண்மாய்ச் சகதியில் ஒரு வெள்ளாடு வயிறு வரை புதைந்து கிடந்தது. கத்தி ஓய்ந்துபோய், வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கரையில் அதே மந்தையின் ஆடுகள் கருவேலங்காய் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கினால் நானும் புதைவேன் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், நடந்துவிட்டேன். ஆட்டுக்காரனைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உலகம் யாருக்காகவும் நிற்காது என்று இயற்கையே எனக்குச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். மறுநாள் வேனில் அதைத் தத்துவமாக எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "ஆட்டத் தூக்கிவிடத் துப்பில்ல, வியாக்கியானம் மட்டும் வண்டி வண்டியா வருது." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் காதை நம்ப மாட்டோம். பாத்திரத்தை நம்புவோம். தினமும் எங்காவது ஒரு கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் பதறினால் குடித்தனம் பண்ண முடியாது. அலமாரியில் டம்ளர் கிணுகிணுத்தால், தகரக் கதவு அதிர்ந்தால், அப்போதுதான் சோற்றுக் கையோடு தெருவுக்கு ஓடுவோம். வெட்டவெளியில் கிணுகிணுக்க ஒன்றும் கிடையாது. நடக்கத் தொடங்கிய புதிதில் ஒவ்வொரு சத்தத்துக்கும் நின்று, திரும்பி, புகை தெரிகிறதா என்று கிழக்கே பார்ப்பேன். நடையே கெட்டுவிடும். அதனால் திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழகினேன். அதைப் பக்குவம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

சாவி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற டிரைவர்களுக்கு எங்கும் எழுதி வைக்காத ஒரு முறை உண்டு. வண்டியை ரோட்டைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். சாவியை வாட்ச்மேன் ரூம் ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஏதாவது ஆகிப்போனால் ஆம்புலன்ஸ் வருகிறவரை காத்திருக்க முடியாது, வாசலில் நிற்கிற வேன்தான் முதல் வண்டி. ஓட்டத் தெரிந்த எவனும் எடுத்துக்கொண்டு பறக்கலாம். வண்டிக்குச் சொந்தக்காரனே ஆனாலும் சாவியைப் பையில் வைத்துக்கொள்ள மாட்டான். நானும் அஞ்சு வருஷம் ஆணியில்தான் மாட்டினேன்.

அந்த வாரம் மாட்டவில்லை. காரணம் அவள்தான் என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆணியிலிருந்து சாவியை எடுத்து, வண்டிக்குள் உட்கார்ந்து, பாட்டுப் போட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள், கூட நாலு பேர். கதவைச் சரியாகச் சாத்தவில்லை. சாயங்காலம் பாட்டரி இறங்கி வண்டி கிளம்பவில்லை, தள்ளித்தான் கிளப்பினோம். எல்லார் முன்னாலும் அவளைக் கத்தினேன். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிற சாதி என்று கேவலமாகப் பேசினேன். அவள் அசரவில்லை. "பாட்டுக் கேட்டதுக்கா இம்புட்டுப் பேச்சு? சாவிய அரணாக்கயித்துல கட்டிக்கிட்டு அலைய வேண்டியதுதான அண்ணாச்சி" என்றாள். அலைகிறேன் பார் என்று மறுநாளிலிருந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வாட்ச்மேன் ஒரு தடவை, "வேணாம்ப்பா, ஆணியில மாட்டிட்டுப் போ" என்றார். அவரிடமும் முறைத்தேன்.

நாலாவது நாள் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. தீபாவளி சீசன், உள்ளே எல்லா ரூமிலும் வேலை. மூன்று மணிக்கு நடக்கக் கிளம்பினேன். போனை வேனிலேயே போட்டுப் பூட்டினேன், அதுவும் நடையின் நிம்மதிக்காகத்தான். ஓடை தாண்டி, கண்மாய்க் கரை ஏறி, மேல்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போனேன். காற்று எனக்கு எதிரே வந்தது, கம்பெனி என் முதுகுக்குப் பின்னால். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிதாக இல்லை. மெத்தையை மாடியிலிருந்து போட்ட மாதிரி ஒரே ஒரு சத்தம்.

சாம்பிள் என்றால் ஒன்றோடு நிற்காது. இரண்டு, மூன்று, நாலு என்று வரும். இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அடுத்த சத்தத்துக்காக என் காது காத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. வரவில்லை. அடுத்தது புஸ்ஸென்று போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பினால் நடை கெடும். கண்மாய்க்குள்ளிருந்து மயில்கள் ஒன்றன் பின் ஒன்றாக அகவின. பெரிய சத்தம் கேட்டால் மயில் பயந்து அகவும், அதுவும் எனக்குத் தெரியும். அழகாக இருக்கிறதே என்று நின்று கேட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது. பாதி தெரிந்துதான் நடந்தேன்.

இன்னும் பத்து நிமிஷம் மேற்கே போனேன். பனை மரங்களுக்குப் பக்கத்தில் ஒரு மயிலிறகு கிடைத்தது, நல்ல நீளம். எடுத்துக்கொண்டு திரும்பினேன். அந்த மாதத்திலேயே அன்றைக்குத்தான் மனசு அவ்வளவு லேசாக இருந்தது. அவள்மேல் இருந்த கோபம்கூடப் போயிருந்தது. நாளையிலிருந்து சாவியை ஆணியில் மாட்டிவிட வேண்டியதுதான், என்ன பெரிய மானம் போய்விட்டது என்றுகூட நினைத்தேன். கண்மாய்க் கரையிலிருந்து பார்த்தபோது கம்பெனிக்கு மேல் புகை நின்றது. ஓடையில் இறங்கி ஏறினபோதுதான் கூட்டம் தெரிந்தது.

வாட்ச்மேன் என்னைப் பார்த்து ஓடி வந்தார். அறுபது வயது மனுஷன், செருப்பில்லாமல் ஓடி வந்தார். "ஏலே, சாவி! சாவியக் குடுலே!" என்று கத்தினார். வேனின் பக்கத்துக் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். உடைத்து என்ன செய்ய, சாவி இல்லாமல் கிளம்பாது. என் போனுக்குப் பதினாறு தடவை அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அது பூட்டின வண்டிக்குள்ளேயே அடித்திருக்கிறது, அவளுக்குக் கேட்கிற தூரத்தில். ஆம்புலன்ஸ் வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி லாரி லோடு ஏற்றிக்கொண்டு சிவகாசிக்குப் போயிருந்தது. அவளைப் பைக்கில் நடுவில் உட்கார வைக்கத் தூக்கியிருக்கிறார்கள். தொட்ட இடத்தில் தோல் கையோடு வந்ததும் விட்டுவிட்டார்கள்.

காய்ந்த மணிமருந்தை அள்ளி உள்ளே கொண்டுபோய் வைத்தபோது ரூம் வெடித்துப் போயிருக்கிறது. அவள் மட்டும்தான் அதில். பக்கத்து ரூமில் இருந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். அவளை வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார வைத்திருந்தார்கள். படுக்க முடியவில்லை, உட்கார்ந்துதான் இருந்தாள். நினைவு நன்றாக இருந்தது. ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலை எது, தோல் எது என்று தெரியவில்லை. என் கையில் அந்த மயிலிறகு அப்போதும் இருந்தது. சாவியைக் கொடுக்க வேண்டுமென்றால் இறகைக் கீழே போட வேண்டும் என்பதுகூட எனக்கு உடனே தோன்றவில்லை.

நானே ஓட்டினேன். அரை மணி நேரத்தில் தீக்காய வார்டு வாசலில் நிறுத்தினேன். வழியெல்லாம் அவளைப் பிடித்திருந்த பெண்கள்தான் அழுதார்கள், அவள் ஒரு சத்தமும் போடவில்லை. எந்நேரமும் பேசுகிற வாய், அரை மணி நேரம் மூடியிருந்தது.

நர்ஸ் ஒருத்தி நேரம் எழுதினாள். மூன்று இருபதுக்கு வெடித்தது என்று வாட்ச்மேன் சொன்னார். நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலு முப்பத்தைந்து. "ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "வயிறு சரியில்ல. ஓடைக்குப் போயிருந்தேன்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. அப்புறம் போலீஸ் கேட்டபோதும் அதையே சொன்னேன். கம்பெனியில் கேட்டபோதும் அதையே. யாரும் மறுத்துப் பேசவில்லை. வயிற்றுப்போக்கு வந்தவனை யார் என்ன சொல்ல முடியும்.

அவள் புருஷன்தான் என்னை ரொம்பக் கொன்றான். லோடுமேன் வேலை பார்க்கிறவன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், ஏமாந்த மாதிரி முகம். வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயித்துக்கு நேரங்காலம் தெரியுமா அண்ணாச்சி, நீங்க என்ன பண்ணுவீக. ஆனா பறந்து வந்தீகளாம்ல, எல்லாரும் சொன்னாக" என்றான். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

நான் மறுபடி போனது ஏழாம் நாள். அதற்குமுன் போகத் தைரியமில்லை. போகாவிட்டால் ஊர் பேசும் என்றாகிவிட்ட பிறகு போனேன். ஒருத்தரை மட்டும் உள்ளே விடுகிற நேரத்தில் நர்ஸிடம் கெஞ்சி, புருஷன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ரெண்டு நாளாக அவள் யாரோடும் பேசவில்லை என்று வழியில் சொன்னான். "அண்ணாச்சிய எப்பவும் வம்பிழுத்துக்கிட்டே இருப்பா. உங்களப் பாத்தா ஒரு வார்த்த பேசுவா" என்றான். கொசுவலைக்குள் கிடந்தாள். முகத்தில் கண்கள் மட்டும்தான் அவளுடையவை.

என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. குனிந்தேன். குரல் காற்றாக வந்தது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அன்னைக்கு ஓடையில இருந்து ஏறி வந்தீகள்ல. மூஞ்சி எம்புட்டுத் தெளிஞ்சு கெடந்துச்சு. வயித்துவலிக்காரன் மூஞ்சியா அண்ணாச்சி அது?"

அவ்வளவுதான். அதற்குமேல் பேச அவளுக்கு மூச்சு இல்லை. புருஷன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "என்ன அண்ணாச்சி? என்ன சொன்னா?" என்றான். அவன் முகத்தில் அப்படி ஓர் ஆசை.

"தண்ணி கேக்குறா" என்றேன்.

அவள் காதில் அது விழுந்தது. கண்ணை என்மேலிருந்து எடுக்கவே இல்லை. அவன் நர்ஸிடம் ஓடினான். "கேட்டுட்டா சிஸ்டர், வாயத் தொறந்து தண்ணி கேட்டுட்டா" என்று சொல்வது எனக்குக் கேட்டது. உதட்டை மட்டும் நனைக்கலாம் என்று சொல்லி நர்ஸ் ஒரு ஸ்பூனில் கொடுத்தாள். அவன் ஸ்பூனை வாங்கி அவள் வாயருகே கொண்டுபோனான். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்தது. மறுநாள் விடியும்போது போய்விட்டாள்.

அந்தக் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். நான் இப்போது வேறொரு கம்பெனிக்கு ஆள் இறக்குகிறேன். சாவியை ஆணியில்தான் மாட்டுகிறேன், போனைப் பையில் வைத்துக்கொள்கிறேன். நடக்கிறேனா என்றால், நடக்கிறேன். மூன்று மாதம் நிறுத்தி வைத்திருந்தேன். இனிமேல் போனாலும் அந்த அமைதி வராது, வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் ஒரு நாள் வேறொரு கண்மாய்க்குப் போனேன். வந்தது. வழக்கம்போல முதல் பத்து நிமிஷத்தில் வந்தது. எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் கருவேல முள்ளை ஒடித்து உள்ளங்கையில் குத்திக்கொண்டேன். ரத்தம் வந்தது, அமைதி போகவில்லை.

பங்குனி பிறந்தால் அவள் புருஷன் எங்கள் வேன் நிற்கிற இடத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறான். இது மூன்றாவது வருஷம். தென்னங்கீற்றுக் கொட்டகை, மணல் பரப்பி அதன்மேல் ரெண்டு மண்பானை, அவள் படம் போட்ட பிளக்ஸ். தாகத்தோடு போனவள் என்று அதில் அச்சடித்திருக்கிறான். லோடு ஏற்றி வாங்குகிற கூலியில் இதற்கென்று வருஷமெல்லாம் ஒதுக்குகிறானாம். காலையில் நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவரை யாருக்கும் ஊற்ற மாட்டான். "மொதல்ல அண்ணாச்சிதான் குடிக்கணும். கடைசியா அவுககிட்டதான கேட்டா" என்று வரிசையில் நிற்கிறவர்களிடம் சொல்வான். வண்டியில் ஏறியிருக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். இறங்கிப் போய் டம்ளரை வாங்கிக் குடிப்பேன். முழுக்கக் குடித்து முடிக்கிறவரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

"இன்னொரு டம்ளர் ஊத்தட்டா அண்ணாச்சி?" என்பான்.

ஊற்று என்பேன்.